நான்காம் குறுக்குத் தெருவில் தாத்தாவின் கடை

வெள்ளவத்தை, கொழும்பு 6
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்கள் இருவரும் ஆச்சியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் நான் சொல்வது ஆச்சிக்குச் சரியாகக் கேட்பதில்லை; அவர்கள் கேட்டதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா பேசியை வாங்கி, "சாப்பிட்டாயா?" என்று தொடங்கிவிடுகிறீர்கள். ஆகவே இந்த ஒரு வாரத்தை உட்கார்ந்து எழுதிவிடுவதென்று முடிவு செய்தேன். அப்பா, இதை ஆச்சிக்கு அவசரமில்லாமல் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

மதுரையில் விமானம் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிவிட்டேன். தூத்துக்குடியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வந்து சேரவே அதைவிட அதிக நேரம் ஆயிற்று. இரண்டு நாடுகளுக்கும் நேரம் ஒன்றுதான் என்பதால் கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வாசலில் காத்து நின்றவன் யாரென்று ஆச்சிக்குச் சொல்லுங்கள்: சென்னைக் கல்லூரியில் என்னோடு படித்து, ஒரு பொங்கலுக்கு நம் வீட்டுக்கு வந்து, "எலும்பும் தோலுமாக இருக்கிறானே" என்று அவர்கள் மூன்று முறை சோறு போட்ட அதே யாழ்ப்பாணத்து நண்பன்தான். அவனும், மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியான அட்டனிலிருந்து வந்து இங்கே வங்கியில் வேலை செய்யும் இன்னொருவனும் இருக்கும் வாடகை அறையில் நான் மூன்றாமவன். வீட்டோடு ஒட்டி வாடகைக்கு விடும் இத்தகைய பகுதியை இங்கே அனெக்ஸ் என்கிறார்கள். வேலையில் சேர ஒரு வாரம் இருந்ததால், இருவரும் மாறி மாறி விடுப்பெடுத்து என்னை ஊர் சுற்றிக் காட்டினார்கள்.

காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், அதாவது சந்தில், எங்கள் அறை இருக்கிறது. ஒழுங்கை முடியுமிடத்தில் தண்டவாளம், அதைத் தாண்டினால் பாறை, அப்புறம் கடல். முதல் நாள் மாலை அங்கே நின்றபோது மனம் சற்றுத் தடுமாறிப் போயிற்று. நம் ஊரில் கடலிலிருந்து எழுந்து வருகிற சூரியன் இங்கே கடலுக்குள் இறங்குகிறது. பிறந்ததிலிருந்து கடல் இருக்கும் திசையைக் கிழக்கு என்றே பழகிய எனக்கு, இந்த ஒரு வாரத்தில் திசை கேட்டு நடந்த இடங்களிலெல்லாம் தவறியது இதனால்தான் என்று நினைக்கிறேன். கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போகும் ரயிலில் கதவோரம் நின்றால் அலைத்துளி முகத்தில் தெறிக்கிறது. பேருந்தைவிட ரயிலே எனக்குப் பிடித்திருக்கிறது. காலி வீதிப் பேருந்தில் நடத்துநர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று, அதாவது முன்னே போகச் சொல்லி, எல்லாரையும் தள்ளிக்கொண்டே இருக்கிறார். செவ்வாய்க்கிழமை அப்படித் தள்ளப்பட்டு முன்னே போனவன், நெரிசலில் இறங்க முடியாமல் தெஹிவளைக்குப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். இப்போது "பஹினவா" என்று உரக்கச் சொல்லி இறங்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். என் முதல் சிங்களச் சொல் அதுதான்.

சிங்களம் தெரியாததைவிட, தமிழ் தெரியும் என்று நினைத்து வந்ததுதான் என்னை அதிகம் அசடாக்கியது. வீட்டுக்கார அம்மா "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டபோது, அது எந்தக் காலத்து வினை என்று யோசித்து நான் விடை சொல்வதற்குள் அவர் தேத்தண்ணீரோடு வந்துவிட்டார். இங்கே பேசுவதில்லை, கதைக்கிறார்கள். சமையலறை குசினி, ரொட்டி பாண். விடிந்ததும் ஒழுங்கைக்குள் பெத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு வரும் முச்சக்கர வண்டியை ஐஸ் வண்டி என்று நினைத்து ஓடினேன். அது பாணும் மீன் பணிஸும் விற்கும் வண்டி. அறிவிப்புப் பலகைகளில் மட்டும் சிங்களத்துக்குக் கீழே நம் எழுத்து அமைதியாக இருக்கிறது. வெளிநாட்டில் தெருப்பெயரைத் தமிழில் வாசித்துக்கொண்டு நடப்பது எத்தனை ஆறுதல் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன்.

புதன்கிழமை தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம் என்பதால், வாயைத் திறக்காமல் நிற்கும்படி நண்பர்கள் எச்சரித்திருந்தார்கள். நான் "எவ்வளவுங்க?" என்று கேட்டுத் தொலைத்து, முழுக் கட்டணமும் கொடுத்தேன். கொடுத்த பணம் ஒரு கல்லுக்காகவே தகும். 1409ஆம் ஆண்டிட்ட அந்தக் கல்வெட்டைச் சீனத் தளபதி செங் ஹே தென்கரை நகரான காலியில் நட்டுவைக்கக் கொண்டுவந்தார். 1911இல் அங்கே கண்டெடுத்திருக்கிறார்கள். ஒரே கல்லில் சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழிகள், மூன்று மதங்களுக்குக் காணிக்கை. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்தைப் போற்றுகிறது. எழுத்துகள் தேய்ந்திருந்தன. கடல் கடந்து வந்த சீனர் இந்தத் தீவில் தம் செய்தியைச் சொல்லத் தமிழையும் தேர்ந்திருக்கிறார் என்பதை எண்ணியபடி நான் நின்றுவிட, அட்டன் நண்பன் பசிக்கிறது என்று இழுத்துக்கொண்டு போனான். தாமரைக் கோபுரத்தைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டோம். அதிலும் எனக்குப் பல மடங்கு கட்டணம்.

கடலோரத் திடலான காலிமுகத்திடலுக்கு மட்டும் மூன்று மாலைகள் போயிருக்கிறோம். பட்டம் விடும் பிள்ளைகள், குடைக்குள் காதலர்கள், முழு இறாலை மேலே பதித்துப் பொரிக்கும் இஸ்ஸோ வடை. அதன் நடைபாதையை ஹென்றி வார்ட் என்ற ஆளுநர் 1859இல் முடித்து, கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலனுக்காக அதைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடியில் மக்கள் கூடாரமடித்துப் போராடியதும் இங்கேதான். பெட்ரோலுக்காக இரவு முழுவதும் வரிசையில் நின்ற கதையை நண்பர்கள் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். அங்கிருந்து வடக்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிகின்றன. அப்பா, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் நம் துறையிலிருந்து வந்து நின்றது அந்தத் துறைமுகத்தில்தான் என்று நான் சொன்னபோது, உங்கள் குரலே என் தொண்டையிலிருந்து வந்ததைப்போல இருந்தது.

இனி ஆச்சி கேட்ட விஷயம், தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்த கடை. வெள்ளிக்கிழமை முழுவதையும் அதற்கென்று ஒதுக்கினோம். முதலில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில், ஆச்சி சொன்னபடி தாத்தாவின் பெயரால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தாத்தா செவ்வாய்தோறும் போனாராமே. இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் சைவர், பௌத்தர் என்ற பேதமின்றிக் கூட்டம் வருகிறதாம். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடம் என்பதை நினைத்தபோது கை நடுங்கியது. பக்கத்தில் ஒரு சிங்களப் பாட்டி, காற்றில் அணைந்த என் திரியைத் தம் மெழுகுவர்த்தியால் மீண்டும் பற்றவைத்துத் தந்தார்.

பிறகு நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலை வணங்கி, சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட சம்மாங்கோட்டார் பள்ளிவாசலைப் பார்த்து, சந்தைப் பகுதியான புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களுக்குள் நுழைந்தோம். நான்காம் குறுக்குத் தெருவை எனக்கு யாரும் காட்டவில்லை; மிளகாய் நெடியில் தும்மல் வந்தபோதே தெரிந்துவிட்டது. ஆச்சி சொன்ன அதே தும்மல். வெங்காய மூட்டைகள், பருப்பு, கருவாடு, தெருவை அடைத்து நிற்கும் லொறிகள், அவற்றினூடே கைவண்டி தள்ளும் நாட்டாமைகள். இங்கே நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர் அல்ல, மூட்டை சுமப்பவர். "நாட்டாமை, வழி விடுங்க" என்று அட்டன் நண்பன் கத்தியபோது நான் திடுக்கிட்டேன்.

கடை கிடைக்கவில்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நான்கு மண்டிகளில் விசாரித்தோம். தூத்துக்குடிக்காரர் கடை ஒன்று இருந்ததாகத் தம் தகப்பனார் சொல்லுவார் என்று ஒரு முதலாளி தேநீர் வாங்கித் தந்து உட்காரவைத்தார். எந்தக் கதவு என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1963இல் தாத்தா கணக்குப்பிள்ளை வேலையை விட்டு ஊர் திரும்பிய கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அட்டன் நண்பன் தேநீரைப் பார்த்தபடி, "உன் தாத்தா வந்தார், திரும்பினார். என் பாட்டனுடைய பாட்டன் வந்தார். நாங்கள் திரும்பவில்லை" என்றான். அவன் வருத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதன் பிறகு என் கதையை நான் தொடரவில்லை.

நாளை காலை வேலையில் சேர்கிறேன். சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். சந்தியில் இரவு பதினொரு மணிக்கும் கொத்து ரொட்டி போடும் சத்தம் கேட்கிறது, அது நம் பரோட்டாக் கடையின் தாளமேதான்.

அப்பா, ஓர் உதவி. ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் தாத்தா இங்கிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் தலைப்பில் கடை இலக்கம் இருந்தால் பார்த்து உடனே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தெருவில் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்குமாம். நான் சனிக்கிழமை மறுபடியும் போகிறேன்.

உங்கள் அன்பு மகன்