ஸ்டீவ் பிளாங்குக்கு ஒரு கடிதம்: பால் சங்கத்துக்குப் போகாத குறை

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஸ்டீவ் பிளாங்க் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மேலாண்மைத் துறையில் பாடம் நடத்துகிறேன். தொழில்முனைவு என்ற தாள் 14 ஆண்டுகளாக என்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதே தாளை நடத்தும் எங்கள் ஊர் ஆசிரியர்களும் கூடவே உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகத் திட்டப் போட்டியில் நான் நடுவராக இருந்தேன். என் மாணவர்கள் இரண்டு பேர் கையடக்கக் கருவி ஒன்றுக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். மாடு வளர்ப்பவர் தன் வீட்டிலேயே பாலின் கொழுப்பு அளவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது யோசனை. 42 பக்கம், ஐந்தாண்டு வருவாய்க் கணக்கு, வண்ண வரைபடங்கள். முதல் பரிசு கொடுத்தோம். படிப்பு முடிந்ததும் அவர்களில் ஒருவனின் அப்பா வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் தந்தார். கருவிகளைச் செய்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். போன இடமெல்லாம் ஒரே பதில்: "சங்கத்தில் ஊற்றும்போதே கொழுப்பு பார்த்துத்தானே பணம் போடுகிறார்கள், இது எதற்கு தம்பி?" மாடு வளர்ப்பவர்களின் கவலை மடிநோயும் தீவன விலையும். கருவியை இனாமாகக் கொடுத்தால்கூட வைத்துக்கொள்ள அவர்களுக்கு மனம் இல்லை.

அந்தப் பையன் ஒருநாள் துறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தான். கோபம் இல்லாமல்தான் கேட்டான். "ஒருநாள் காலையில் பால் சங்கத்துக்குப் போய் நின்று பாருங்கள் என்று நீங்கள் ஏன் சார் எங்களிடம் சொல்லவில்லை?"

சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் படித்த மேலாண்மையில் அந்த வரி இல்லை. அதன் பிறகுதான், தொழில் தொடங்குபவன் முதலில் வெளியே போய் வாங்குபவரிடம் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுக்கும் உங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

உங்கள் வாழ்க்கையை எங்கள் வகுப்பில் நான் வெற்றியிலிருந்து தொடங்குவதில்லை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வந்து மளிகைக் கடை வைத்த குடும்பத்துப் பிள்ளை, கல்லூரியைப் பாதியில் விட்டு விமானப்படையில் சேர்ந்தவர், வியட்நாம் போர்க்காலத்தில் தாய்லாந்தில் போர் விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்தவர், 1978இல் சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு வந்து 21 ஆண்டுகளில் 8 நிறுவனங்களில் உழைத்தவர். இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ராக்கெட் சயின்ஸ் கேம்ஸுக்கு வந்துவிடுவேன். வீடியோ விளையாட்டு நிறுவனம், நீங்கள் தலைமைச் செயல் அதிகாரி. பத்திரிகை அட்டையில் இடம்பிடித்த நிறுவனம் கரை சேராது என்று அடுத்த 90 நாட்களில் உங்களுக்கே தெரிந்துவிட்டது. விளையாட்டுகளை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு அவை பிடிக்கவே இல்லை. 3.5 கோடி டாலர் போயிற்று.

அந்தச் செய்தியை உங்கள் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்ன கதையை நீங்களே பட்டமளிப்பு மேடையில் சொல்லியிருக்கிறீர்கள். அம்மா பதறிப்போனார். பணம் போட்டு இழந்த அதே முதலீட்டாளர்கள் அடுத்த நிறுவனத்துக்கு இன்னும் 1.2 கோடி டாலர் தந்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னதும் அவரால் நம்ப முடியவில்லை. என் மாணவர்கள் இந்த இடத்தில் எப்போதும் அமைதியாகிவிடுகிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தத் தொலைபேசிக்கு மறுமுனையில் இருப்பது அடகுக் கடை ரசீது. தோற்றவனுக்கு இரண்டாம் முறை பணம் தரும் ஊர் ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி. அந்த வாய்ப்பு இல்லாத ஊரில், முதல் முறையே தவறைச் சின்னதாகச் செய்யக் கற்றுக்கொடுப்பது இன்னும் அவசரம் என்று எனக்குப் படுகிறது.

அடுத்த நிறுவனமான எபிஃபனி பெரும் பணம் ஈட்டியது. 1999இல் ஓய்வு பெற்றீர்கள். நினைவுக் குறிப்புகள் எழுத உட்கார்ந்து 80 பக்கம் வந்தபோதுதான், எட்டு நிறுவனங்களிலும் திரும்பத் திரும்ப வந்த ஒரே ஒழுங்கு உங்கள் கண்ணில் பட்டது. நிறுவனத்துக்குள் இருப்பவை எல்லாம் வெறும் ஊகம், உண்மை வெளியே வாங்குபவரிடம்தான் இருக்கிறது. பணம் படைத்தவர் அதோடு எழுந்து தோட்டத்தைப் பார்க்கப் போயிருக்கலாம். நீங்கள் பெர்க்லியின் ஹாஸ் வணிகப் பள்ளியில் வகுப்பெடுக்கப் போனீர்கள். வகுப்புக்காக எழுதிய குறிப்புகளே பின்னால் புத்தகமாயின. ஒரு நிறுவனத்தில் முதலீடு செய்தபோது, நிறுவனர்கள் வந்து உங்கள் வகுப்பில் உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டீர்கள். அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் எரிக் ரீஸ். ஊகத்தைச் சிறிதாகச் சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே தொழில் தொடங்கும் இந்த முறைக்கு லீன் ஸ்டார்ட்அப் என்ற பெயர் உலகெங்கும் பரவியது அவர் வழியாகத்தான்.

நீங்கள் மாற்றியது என்ன என்பதை எங்கள் ஆசிரியர்களுக்காக இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். எம்பிஏ படிப்பு 1908இல் ஹார்வர்டில் பிறந்தபோது அதன் வேலை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெரிய நிறுவனங்களை நடத்த ஆள் தயாரிப்பது. வாடிக்கையாளர் யார், விலை என்ன, சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்த விஷயம். தெரிந்ததைச் செம்மையாகச் செய்யத் திட்டம் வேண்டும், வரவு செலவுக் கணக்கு வேண்டும். புதிதாகத் தொடங்குபவனுக்கோ எதுவும் தெரியாது, அவன் தேடிக்கொண்டிருக்கிறான். பெரிய நிறுவனத்தின் சட்டையை அளவு குறைத்துத் தைத்து அவனுக்குப் போட்டுவிட்டோம். நூறு ஆண்டுக் காலம் வணிகப் பள்ளிகள் செய்த பிழை இது. நானும் என் பங்குக்கு 42 பக்கத்துக்குப் பரிசு கொடுத்தேன்.

2011இல் ஸ்டான்ஃபோர்டில் நீங்கள் நடத்திய வகுப்பு இந்தப் பிழைக்கு நேர் மருந்து. திட்டம் எழுத வேண்டாம். ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரே தாளில் உங்கள் ஊகங்களை எழுதுங்கள், வாரம் பத்துப் பதினைந்து பேரைப் போய்ப் பாருங்கள், திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் எது பொய்யாயிற்று என்று சொல்லுங்கள் என்றீர்கள். அந்த முதல் வகுப்பில் ஹோர்ஹே எராவ்த், லீ ரெட்டன் என்ற இரு மாணவர்கள் தானாக ஓடும் புல்வெட்டி இயந்திரத்தோடு வந்தார்கள். கோல்ஃப் மைதானங்கள் வாங்கும் என்று நினைத்தார்கள். பத்து வாரத்தில் நூறு பேருக்கு மேற்பட்டவர்களிடம் பேசியபோது மைதானக்காரர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை என்று தெரிந்தது. வழியில் விவசாயிகளைப் பார்த்தார்கள். மருந்து தெளிக்காமல் களையை ஒழிக்க ஒரு வழி கிடைக்குமா என்று அவர்கள் கேட்டார்கள். வகுப்பு முடிவதற்குள் களையெடுக்கும் இயந்திரத்தின் முதல் மாதிரி தயாராகிவிட்டது. புளூ ரிவர் டெக்னாலஜி என்ற அந்த நிறுவனத்தை 2017இல் விவசாய இயந்திர நிறுவனமான ஜான் டியர் 30.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தக் கதையை நான் சொல்லும்போது வகுப்பில் முன் வரிசையைவிடப் பின் வரிசை நிமிர்ந்து உட்காருகிறது. களையெடுப்புக்கு ஆள் கிடைக்காமல் அப்பா தவிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்பதால் திட்டப் போட்டிகளில் பெயரே கொடுக்காதவர்கள். உங்கள் முறையில், யாரிடம் போய்ப் பேச வேண்டும், எந்த நேரத்தில் போனால் பேசுவார்கள் என்று தெரிந்தவன்தான் முன்னணியில் இருப்பான். வகுப்பறையின் வரிசையே மாறிவிடுகிறது. இதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அதே 2011இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை உங்களை அழைத்து, ஆய்வகக் கண்டுபிடிப்புகளைத் தொழிலாக்கப் பயிற்சி தரும் ஐ-கார்ப்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. முதல் தொகுதியில் 21 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேர்: ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர், தொழிலை முன்னெடுக்கும் இளம் ஆராய்ச்சியாளர், தொழில் அனுபவம் உள்ள வழிகாட்டி. குழுவுக்கு 50,000 டாலர். வாழ்நாள் முழுதும் ஆய்வகத்தில் இருந்த பேராசிரியர்களை வீதிக்கு அனுப்பினீர்கள். வகுப்பில் அவர்கள் சுற்றி வளைத்துப் பேசினால் பாதியில் நிறுத்தினீர்கள் என்றும் படித்திருக்கிறேன். 2017 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் ஒன்று அந்தத் திட்டத்தை நிலைப்படுத்தியது. சென்னை ஐஐடியின் கோபாலகிருஷ்ணன் தேஷ்பாண்டே மையம் அதை ஒட்டியே தன் பயிற்சியை அமைத்திருக்கிறது. ஆக, உங்கள் பாடம் எங்கள் மாநிலத்துக்கு முறைப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

ஆனால் வரும் வழியில் ஒன்று தொலைந்துபோகிறது. பல கல்லூரிகளில் அந்த ஒன்பது கட்டத் தாள் மட்டும் வந்திருக்கிறது. அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். மாணவர்கள் விடுதி அறையிலேயே உட்கார்ந்து ஒன்பது கட்டங்களையும் நிரப்பிவிடுகிறார்கள். 42 பக்கத்தில் சொன்ன ஊகம் இப்போது ஒரு பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். காரணம் ஆசிரியர்களாகிய எங்களிடம் இருக்கிறது. விடை எனக்குத் தெரியாது, போய்க் கேட்டு வா, வந்து எனக்கும் சொல் என்று மாணவன் முன்னால் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு அது வந்தது, நீங்கள் 3.5 கோடி டாலர் தொலைத்தவர் என்பதால் என்று நம்புகிறேன். தோற்ற மனிதன் ஆசிரியராக வந்து நின்றதுதான் நீங்கள் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் உயிர். அந்தத் தாளை வரைந்தவர் அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர். அதை ஒரு பரிசோதனைக் குறிப்பேடாக மாற்றியது நீங்கள்.

உங்களோடு எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. நூறு பேரைப் போய்ப் பார் என்ற விதி, யாரும் எங்கேயும் போய் யாரிடமும் பேசலாம் என்ற ஊரில் உருவானது. என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். விடியற்காலை ஐந்தரைக்குப் பால் சங்கத்தில் போய் நிற்க வீட்டில் விடமாட்டார்கள். சில தெருக்களில் சில மாணவர்கள் கதவைத் தட்டவே தயங்குகிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளை என்ற கேள்விதான் முதலில் வரும். எண்ணிக்கையைப் பார்த்து மதிப்பெண் போட்டால், இரண்டு சக்கர வாகனம் உள்ள பையன் 20 பேரோடு வருவான். இவர்கள் நாலு பேரோடு வருவார்கள். முதல் ஆண்டு நான் எண்ணிப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டேன். அது அநியாயம் என்று மூன்றாம் வாரத்தில் புரிந்தது. இப்போது, நீ நினைத்தது எங்கே பொய்யாயிற்று, அதைச் சொன்னவர் யார், அவர் என்ன வார்த்தையில் சொன்னார் என்ற மூன்றுக்கு மட்டுமே மதிப்பெண். யோசனை செத்துப்போனாலும் முழு மதிப்பெண் உண்டு. இதைப் பாடத்திட்டக் குழுவில் ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.

இந்தப் பருவத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று பெண்கள் கொண்ட ஒரு குழு மடிநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழியைத் தேடுகிறது. அந்தப் பையன் கருவியோடு அலைந்த அதே ஊர்கள். முதல் வாரம் அவர்கள் பார்த்தது இரண்டே பேரை. இரண்டாம் வாரம் 17 பேர். எப்படி என்று கேட்டேன். ஒருத்தியின் அம்மா கூட வந்தாராம். அவர் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். எங்கே நின்றால் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாதிக் கேள்விகளை அவரே கேட்டிருக்கிறார். "மடி வீங்கினதுக்கு அப்புறம் என்ன செய்வீங்கன்னு கேட்காதே, வீங்குறதுக்கு முந்தின நாள் மாடு எப்படி இருந்துச்சுன்னு கேளு" என்று மகளைத் திருத்தியிருக்கிறார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள்தான் அவர்களுடைய தாளில் இரண்டு கட்டங்களை அடித்து எழுத வைத்தன.

எங்கள் குழுப் பதிவேட்டிலும் உங்கள் ஐ-கார்ப்ஸில் உள்ளதுபோல வழிகாட்டிக்கு என்று ஓர் இடம் விட்டிருக்கிறோம். அந்தக் குழுவுக்கு நேரே அந்த அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு தொழில்முனைவு ஆசிரியர்