உதவித்தொகை ஜூன் மாதமே கைக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழை மாணவர்களின் மேற்படிப்புக்கு நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் நிதி கொடுப்பதாக உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அரசு மேல்நிலைப் பள்ளியில் பல வருடங்கள் பிளஸ் டூ வகுப்பாசிரியையாக இருந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் படிப்பை விடுவது கல்லூரிக் கட்டணத்தால் மட்டும் இல்லை, ஜூன், ஜூலை மாதச் செலவுகளாலும்தான்.

அரசு செய்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களுக்குக் கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அரசே ஏற்கிறது. மாணவிகளுக்கு 2022-இல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று திட்டங்கள் வந்து மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆனால் இந்த மாத உதவியோ மற்ற உதவித்தொகைகளோ, சேர்ந்து, சான்றிதழ்கள் சரிபார்த்து, கணக்கோடு ஆதார் இணைத்த பிறகுதான் வரும். அதற்குள் ஊரில் என்ன நடக்கிறது?

என் மாணவன் ஒருவனுக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்தது. கட்டணம் சொற்பம்தான். அரசு விடுதியில் இடம் இல்லை, தினமும் போய் வரும் தூரமும் இல்லை. வெளியே அறை எடுக்க அட்வான்ஸ், மெஸ்ஸுக்கு முன்பணம், ரெக்கார்டு நோட்டு, லேப் கோட்டு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நின்றது, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், அப்பா இல்லை. அவன் ஒரு குடோனில் மூட்டை ஏற்றப் போய்விட்டான். சில ஆயிரம் ரூபாய் அப்போது கையில் இருந்திருந்தால் இன்று அவன் பட்டதாரி.

கொடையாளர்கள் இந்த இடத்தில்தான் கை கொடுக்க வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் ஸ்மார்ட் வகுப்பறைக்கும் கட்டடத்துக்கும் சுலபமாகப் பணம் கிடைக்கிறது, ஒரு பிள்ளையின் மெஸ் பில்லுக்குக் கேட்டால் தயங்குகிறார்கள். மார்ச் மாதத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். ஆனால் தொடர் திட்டமாக எடுத்துக்கொண்டால் தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டுகள் வரை செலவு செய்ய விதியிலேயே இடம் இருக்கிறது. ஒரு பட்டப்படிப்பு முழுவதற்கும் இது தாராளமாகப் போதும். முதல் வருடம் மேடையில் செக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் போனை எடுக்காத உதவியால், நடுவில் நிற்கிற பிள்ளை இன்னும் நொந்துபோகிறது.

அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் 2010-லிருந்து கட்டணத்தோடு நிற்காமல் தங்குமிடம், வழிகாட்டி என்று படிப்பு முடியும்வரை கூடவே வருகிறது. அத்தனை பெரிதாகச் செய்ய எல்லோராலும் முடியாது, சரி. ஆனால் பல ஊர்களில் முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே தலைமையாசிரியரைப் பாருங்கள். யாருக்கு அப்பா இல்லை, யார் வீட்டில் கடன், எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் வகுப்பாசிரியருக்குத் தெரியும். பெயர்களை வாங்கி, விடுதிப் பணத்தை ஜூன் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முதுகலை ஆசிரியை,
திண்டிவனம்.