நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த யோசனை

அன்புள்ள மாரியப்பா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அல்வாவை விட்டாயா என்று மட்டும் எழுதவில்லை. எனக்கு முட்டிவலிதான். கீழ் பெர்த் கிடைத்தால் பயணம், இல்லாவிட்டால் வீடு.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியவில்லை' என்று இரண்டு பக்கம் புலம்பியிருந்தாய். போன மாதம் மகளைப் பார்த்துவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பினேன். விழுப்புரம் தாண்டியும் எங்கள் பெட்டியில் ஒரு போன் ஓயவில்லை. ரீல்ஸ்! பாட்டு நாலு வரி, யாரோ சிரிக்கிற சத்தம், ஒரு சமையல், மறுபடியும் அதே பாட்டு. வைத்திருந்தவர் சின்னப் பையன் இல்லையடா, நம் வயசுக்காரர். மேல் பெர்த்துக் கல்லூரிப் பையன்தான் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசாமல் படுத்திருந்தான். இரவு பத்துக்கு மேல் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்று ரயில்வே 2022-லேயே உத்தரவு போட்டாயிற்று. டிடிஆர் சொன்னதும் நிறுத்தினார். டிடிஆர் அடுத்த பெட்டிக்குப் போனதும் மறுபடியும் ஆரம்பித்தார். நடு பெர்த்தைப் போடப் பத்திலிருந்து ஆறு மணி வரை என்று 2017-இல் நேரம் குறித்ததும், படுக்கிறவருக்கும் உட்காருகிறவருக்கும் நடந்த சண்டையால்தான்.

ஆனால் அந்தக் காலத்து மரியாதைக்கு நீ ஏங்குவதை நான் ஒப்ப மாட்டேன். நம்மூர் டீக்கடையை மறந்துவிட்டாயா? ஒரு தெருவுக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு தெருவுக்குக் கூரையில் செருகிய சிரட்டை. நரைத்த தலைக்காரரை அரைடிராயர் பையன் 'ஏலே' என்பான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சொல்லுங்க ஐயா' என்பார். இன்று அவர் வீட்டுப் பேத்தி பஞ்சாயத்து ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்தால் 'மரியாதை போச்சு' என்று முணுமுணுக்கிற கிழங்கள் இங்கே இருக்கிறார்கள். போகட்டும், நல்லதுதான்.

எனக்கு வருத்தம் வேறு. துட்டி வீட்டுக்கு, அதான் சாவு வீட்டுக்குப் போனால் கையைத் தொட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்து, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவோமே. போன வாரம் ஒருவர் அப்படி ஒரு வீட்டு வாசலில் போனை ஸ்பீக்கரில் போட்டு நில விலை பேசினார். சென்ட் என்ன விலை என்பது தெருவுக்கே கேட்டது. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். எழுந்தவர் 'அப்ப வரட்டா' என்று வேறு கேட்டார். துட்டி வீட்டில் கேட்கிற கேள்வியா அது? பெரியவன் சின்னவன், சாதி, பதவி எதுவும் பார்க்காமல் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் காட்டுகிற மரியாதை அந்த மௌனம் ஒன்றுதான். அதைத் தொலைத்ததில் பிள்ளைகளைவிட நமக்குப் பங்கு அதிகம் என்பேன். மறுத்து எழுது, பார்க்கலாம்.

பேத்தி கல்யாணம் தையிலாமே! உன் மகன் பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'நேரில் அழைத்ததாக ஏற்கவும்' என்று போட்டிருந்தான். நான் ஏற்றுக்கொண்டேன். உன் மதினி ஏற்கவில்லை. நீ தாம்பாளத்தோடு வந்தால்தான் புறப்படுவாளாம். என்றைக்கு வருகிறாய் என்று எழுது. டிக்கெட் அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, அன்றைக்கே போட்டுவிடு.

அன்புடன்,
சுப்பையா