முழங்கால் மூட்டைத் திறக்காமல் கொடுத்த கறிக்கடை பாய்க்கு

அந்த வாரம் ஆய்வகத்தில் வளர்த்த குருத்தெலும்புச் செல்களில் ஒரு ஃபிளாஸ்க் (வளர்ப்புக் குடுவை) தவிர எல்லாம் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. புதிய செல்களைத் திரட்டி வளர்த்த சிறு உருண்டையான பெல்லட்டை 21ஆம் நாள் எடுத்துச் சீவியதில், குருத்தெலும்பைச் சிவப்பாகக் காட்டும் சாஃப்ரனின்-ஓ சாயம் நேற்று நடுவரை ஏறியிருந்தது. குருத்தெலும்புச் செல்கள் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. அதைப் பார்த்த கையோடு எழுதுகிறோம்.

முதல் நன்றி கறிக்கடை பாய்க்கு.

மிஞ்சிய ஃபிளாஸ்க்கையே பெருக்கிக்கொள்ளலாமே என்று பலர் கேட்டீர்கள். முடியாது. பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வளர இந்தச் செல்கள் உருண்டை வடிவம் இழந்து கதிர்போல் நீளும். குருத்தெலும்புக்கு உரிய புரதமான இரண்டாம் வகைக் கொலாஜன் குறைந்து முதலாம் வகை கூடும். இரண்டு முறை பிரித்து வளர்த்தாலே குருத்தெலும்புக் குணம் கரைய ஆரம்பித்துவிடும். ஆகவே புதிய முழங்கால் மூட்டு வேண்டும். பாயாவுக்கு வாட்டிய கால் உதவாது, சூட்டிலேயே செல் செத்துவிடும். கட்டையில் வைத்துக் கொத்தியதும் உதவாது. மூட்டு உறை கிழிந்தால் கிருமி உள்ளே போய்விடும். குழாய்த் தண்ணீர் பட்டால் அதில் உப்பு மிகக் குறைவு என்பதால் மேல்பரப்புச் செல்கள் ஊதி வெடிக்கும்.

பாய், இதையெல்லாம் ஒரே தடவைதான் கேட்டீர்கள். மறுநாள் விடியற்காலையில் தொடைக்கறியை எலும்பிலிருந்து வழித்தெடுத்துவிட்டு, மூட்டுக்கு மேலும் கீழும் நான்கு விரல் விட்டு வெட்டி, உறை மூடியபடியே ஆறு மூட்டு தந்தீர்கள். கவரில் கட்டித்தான் ஐஸில் வைத்திருந்தீர்கள். "ஐஸ் நேரா பட்டா விறைச்சிடுமே தம்பி" என்றீர்கள். அதை நாங்கள் சொல்லியிருக்கவே இல்லை.

வெளிப்புறத்தை 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைத்து, கிருமி புகாத ஹூடுக்குள் திறந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் சீவி, கொலாஜனைக் கரைக்கும் நொதியான கொலாஜினேஸின் 0.2 சதவீதக் கரைசலில் 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் செத்த செல்களில் மட்டும் நீலமாக ஏறும் டிரிப்பான் புளூ போட்டு எண்ணியபோது நீலம் ஏறிய செல் சொற்பம்தான். உயிருள்ள செல்களைக் குழாய்க்கு இரண்டரை லட்சம் வீதம் சுழற்றி அடியில் இறக்கியவைதான் இந்தப் பெல்லட்டுகள்.

70 மைக்ரான் வடிகட்டி கடன் தந்த பக்கத்துத் துறைக்கும், மூன்று நாளைக்கொரு முறை மீடியம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) மாற்ற விடுதியிலிருந்து முறைபோட்டு வந்தவர்களுக்கும், குழாய் மூடியைக் கால் திருகு தளர்த்தினால்தான் உள்ளே காற்றோட்டம் இருக்கும் என்று காட்டித்தந்த டெக்னீஷியன் அக்காவுக்கும் சேர்த்து நன்றி. அந்தக் கால் திருகு எந்தச் செய்முறைத் தாளிலும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

இனி எங்கள் செய்முறைத் தாள் கொலாஜினேஸில் தொடங்காது, கடையில் மூட்டை எப்படி வெட்டச் சொல்வது என்பதில் தொடங்கும். அடுத்த பேட்ச் மாணவர்கள் அப்படியே கறிக்கடையில் நீட்டும்படி தமிழில்தான் எழுதுகிறோம்.

பாய், அந்த ஆறு மூட்டுக்கு நீங்கள் இன்னும் காசு வாங்கவில்லை. ஞாயிறு கூட்டம் கலைந்ததும் வருகிறோம்.