தொழுநோயின் கடைசி நோயாளிகளைத் தேடிக் கண்டறியக் கோரி மனு

அனுப்புநர்: தொழுநோய்க் களப்பணியாளர்கள்
பெறுநர்: சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: நோயாளிகளின் தொடர்பிலுள்ளோரைப் பரிசோதித்துத் தடுப்பு மருந்து வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தொழுநோய், 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற ஒழிப்பு இலக்கை எட்டியதுமே, வீடு வீடாகத் தேடும் வேலை பல இடங்களில் நின்றுபோனது. தொழுநோய்த் தேமல் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி தானாக வருவதில்லை. வருகிறவரும் பல நேரம் பூஞ்சைக் களிம்போடு திருப்பி அனுப்பப்படுகிறார். கிருமி புகுந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். ஆகவே ஓராண்டு அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதியிருந்தால், நோய் இல்லை என்றும் இருக்கலாம், யாரும் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம். தேடிய வீடுகளின் எண்ணிக்கையும் உடன் இருந்தால் மட்டுமே பூஜ்யத்தை ஏற்க வேண்டுகிறோம்.

புதிய நோயாளி ஒருவர் பதிவானால், அவர் வீட்டார், அக்கம்பக்கத்தார், நெருங்கிப் பழகுவோர் அனைவரையும் பரிசோதிக்க ஆணையிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் முதுகு, பிட்டம் உட்பட முழு உடலையும் பார்க்க வேண்டும். பெண்களைப் பார்க்கப் பெண் பணியாளர் தேவை. சட்டையைக் கழற்றாமல் கையை மட்டும் பார்த்துப் பதிவேட்டை நிரப்புவது பரிசோதனை ஆகாது. கண்ணை மூடச் சொல்லி, தேமலைப் பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். முகத்துத் தேமலில் உணர்ச்சி மிச்சமிருக்கலாம். அதை வைத்து நோயில்லை என முடிவு செய்யக் கூடாது. முழங்கை, முழங்கால், கணுக்கால் நரம்புகளையும் தடவிப் பார்க்கப் பயிற்சி வேண்டும். நோயாளிகள் குறையக் குறைய இந்தக் கைப்பழக்கமும் மறைந்துவருகிறது.

நோய் இல்லாத தொடர்பினருக்குத் தடுப்பு மருந்தாக ஒரே தவணை ரிஃபாம்பிசின் தரலாம்: 15 வயதும் அதற்கு மேலும் 600 மில்லிகிராம், 10 முதல் 14 வயதுவரை 450 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கும், தொழுநோய் அல்லது காசநோய் அறிகுறி உள்ளோருக்கும், கடந்த ஈராண்டில் இம்மருந்து எடுத்தோருக்கும் தரக்கூடாது. காசநோயாளிக்கு இந்த ஒற்றை மாத்திரை போனால் மருந்தெதிர்ப்பு உருவாகக்கூடும். எனவே இருமல் பற்றிய கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. வங்கதேச ஆய்வில் முதல் ஈராண்டில் புதிய நோய் சுமார் 57 சதவீதம் குறைந்தது. முழுப் பாதுகாப்பு இல்லை என்பதால் ஆண்டுதோறும் மறுபரிசோதனையும் வேண்டும்.

சிகிச்சை 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து. இடையில் விடுவோர் பெரும்பாலும் பயத்தால் விடுகிறார்கள்: கூட்டு மருந்திலுள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவப்பாக்கும், க்ளோஃபாசிமைன் தோலைக் கருமையாக்கும். முதல் மாத்திரை அட்டையைத் தரும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நரம்பு வலியோ புதிய மரப்போ வந்தால் 6 மாதத்துக்குள் நரம்பு வீக்கத்தைக் குறைக்கும் ப்ரெட்னிசோலோன் மாத்திரையைத் தொடங்க வேண்டும். பிந்தினால் கை, கால், கண் மீள்வது அரிது. எனவே அம்மாத்திரையும் கூட்டு மருந்து அட்டைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மூன்று மாத இருப்பில் இருக்க உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தொழுநோய்க் களப்பணியாளர்கள்