தினம் 3 நிமிடம் முந்தும், பயப்படாதே

அம்மாபேட்டை, சேலம்.

அன்புள்ள கண்ணு,

அப்புச்சியின் பெண்டுலம் கடிகாரத்தைப் பழைய புடவையில் சுற்றித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். பின்லாந்தில், உன் ஒவுலு வீட்டுச் சுவரில் மாட்டினால் தினம் 3 நிமிடம் போல முந்தும். உடனே ரிப்பேருக்குத் தூக்காதே.

அப்புச்சி அப்படித்தான் தூக்கினார். ஏற்காட்டு எஸ்டேட்டில் ஒழுங்காக ஓடியதை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்தார். ரேடியோ நேரத்தோடு பார்த்தால் வாரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தியது. ரிப்பேர்காரர் ஒரு வருடம் திட்டு வாங்கினார், பாவம்! சுமார் 1,200 மீட்டர் இறங்கினால் பூமியின் இழுப்பு ஒரு துளி கூடும், இழுப்பு கூடினால் பெண்டுலம் வேகமாக ஆடும். அந்தக் கணக்கில் நாளுக்கு 16 விநாடி முந்த வேண்டும். ஆனால் மேலே இருந்தபோது காலடியில் கிடந்த மலையும் தன் பங்குக்கு இழுத்ததே, அதைக் கழித்தால் 10, 11தான் வரும். பஸ் குலுக்கலுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம்.

1672இல் ரிச்சர் என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸ் கடிகாரத்தைப் பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கயேனுக்கு எடுத்துப்போனார். அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. சுழலும் பூமி இடுப்பில் பருத்திருக்கிறது, அதனால் அங்கே இழுப்பு குறைவு, துருவத்துப் பக்கம் அதிகம் என்று 1687இல் நியூட்டன் சொன்னார். உன் வீட்டில் கடிகாரம் முந்துவதும் அதனால்தான். துருவத்தில் 230இல் ஒரு பங்கு தட்டை என்றும் கணக்குப் போட்டார். பாரிஸ் வானியலாளர்களான காசினி குடும்பத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சை போலத் துருவத்தில் நீண்டிருக்கிறது என்றார்கள். சண்டையைத் தீர்க்க 1736இல் மோபர்ட்யூயி என்ற பிரெஞ்சு அறிஞரின் குழு வந்து இறங்கியது எங்கே தெரியுமா? உனக்குப் பக்கத்து டோர்னியோவுக்கு! வடக்கே ஒரு பாகை தூரம் எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிக்க உறைந்த ஆற்றின் மேல் கோல் வைத்து அளந்தார்கள். நியூட்டன் பக்கம் ஜெயித்தது.

அந்தக் குழுவில் 23 வயதுப் பையன் கிளெய்ரோவும் இருந்தான். எனக்கு அவனைத்தான் பிடிக்கும். பூமி உள்ளே முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துத்தான் நியூட்டன் கணக்குப் போட்டார். உள்ளே எப்படி என்று தோண்டிப் பார்க்க வேண்டாம், ஊருக்கு ஊர் இழுப்பு எப்படி மாறுகிறது என்று பெண்டுலத்தில் பார்த்தாலே எவ்வளவு தட்டை என்று சொல்லிவிடலாம் என்று 1743இல் இவன் காட்டினான். இன்றைய கணக்கு 298இல் ஒரு பங்கு.

சரி, வேலைக்கு வருகிறேன். குண்டுக்கு அடியில் சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பிக் குண்டை ஒரு மில்லிமீட்டர் போல இறக்கு. ஒரு வாரம் பார்த்துவிட்டு போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்க மறக்காதே.

அம்மா