சீட்டுல எழுதின சிடி ஸ்கேனை அடிச்சது யாரு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வருஷம் ஒரு ராத்திரி எங்க அண்ணனுக்குத் தொப்புளைச் சுத்தி வலி, விடியறதுக்குள்ள வலது அடிவயித்துக்கு எறங்கிடுச்சு, கம்பெனியில எடுத்துக் குடுத்த இன்சூரன்ஸ் இருக்குங்கற தைரியத்துல திருச்சியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டூட்டி டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு ஓபி சீட்டுல சிடி ஸ்கேன்னு எழுதினாரு. இன்சூரன்ஸ் டெஸ்க்ல, வெறும் டெஸ்டுக்காக அட்மிட் ஆனா கிளைம் வராது சார்னு சொல்லிட்டாங்க. திரும்ப உள்ள போனா டாக்டர் அந்த வரியைப் பேனாவால அடிச்சிட்டு கேஸ் மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. கைக்காசு போட்டாவது எடுத்துடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அண்ணி தோட்டை அடகு வச்சாவது எடுத்திருப்போம். மூணாம் நாள் அப்பெண்டிக்ஸ் வெடிச்சு வயிறு பூரா சீழ், வேற ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணித்தான் பொழைச்சாரு.

இப்ப போய்க் கேட்டா ஆஸ்பத்திரி இன்சூரன்ஸைக் கை காட்டுது, இன்சூரன்ஸ்காரங்க வைத்தியம் டாக்டர் பாடு, பணம் மட்டும்தான் எங்க பாடுங்கறாங்க. டெஸ்டுக்கு மட்டும் அட்மிட் ஆனா பணம் வராதுன்னு பாலிசியில இருக்கறது நெசம்தான், ஆனா அது பணத்துக்கான விதி, டாக்டர் கடமைக்கு இல்ல.

அமெரிக்காவுல பெக்ராம்ங்கற டாக்டர் மேல ஒரு பெண் போட்ட வழக்குல இதேதான். 1991ல அந்தப் பெண்ணோட வயித்துல வீக்கம் தெரிஞ்சும் அல்ட்ராசவுண்டை உடனே எடுக்காம, 50 மைல் தாண்டி இருக்கற அவங்க மருத்துவத் திட்டத்தோட சொந்த சென்டர்ல எடுக்கறதுக்காக 8 நாள் காக்க வச்சதுல அப்பெண்டிக்ஸ் வெடிச்சுடுச்சு. கவனக்குறைவுன்னு 35,000 டாலர் கெடைச்சுது, ஆனா செலவைக் குறைச்சா டாக்டருங்களுக்கு லாபம்ங்கற ஏற்பாட்டையே எதிர்த்துப் போட்ட கேஸ் 2000ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்ல நிக்கல.

நம்ம நாட்டுல 1995ல சாந்தா வழக்குலயே, இன்சூரன்ஸ் பணம் கட்டினாலும் அந்த வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. டாக்டர் கணிப்பு தப்பினதெல்லாம் அலட்சியம்னு நான் சொல்ல மாட்டேன், எவ்வளவு நல்ல டாக்டருக்கும் தப்பும். சந்தேகப்பட்டு எழுதின டெஸ்டைக் காசைப் பாத்து அடிக்கறது வேற. இன்சூரன்ஸ் வராட்டியும் இந்த டெஸ்ட் தேவைன்னு நோயாளிகிட்டச் சொல்லி சீட்டுலயும் எழுதணும், வராதுன்னு சொன்னவங்க பேரோட கையெழுத்துப் போட்டுத் தரணும், இதை அரசாங்கம் கட்டாயமாக்கணும்.

கேஸ் ஷீட் கேட்டா 72 மணி நேரத்துல தரணும்னு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு, நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள்ள போகணும், இதெல்லாம் எங்களுக்கு அப்பத் தெரியாது. படிக்கறவங்க ஓபி சீட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, எங்க கையில இப்ப இருக்கறது அது ஒண்ணுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உறையூர், திருச்சி